உப்பும் சட்டமும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே சரக்குக் கொட்டகையில் ரசீது எழுதிக் காலங்கழிக்கும் ஒருவனுக்கு இலக்கியம் பற்றி எழுதும் தகுதி இல்லை. கம்பனையும் வள்ளுவனையும் பற்றி எழுத நம் சங்கத்தில் புலமை மிக்கார் உளர். ஆயினும், நாள்தோறும் என் கைவழியே கணக்காகி வெளியேறும் பொருள் ஒன்று உண்டு. அதன் வரலாற்றை எழுதலாம் என்று துணிந்தேன். அப்பொருள் உப்பு.

உப்பில் எழுதுவதற்கு யாது உளது என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நம் சங்கத்துத் தாய்மார் நகையார். ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொருவரிடமும், "வரும்போது இரண்டு படி கல்லுப்புக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லியனுப்புகின்றவர்கள் அவர்களே. மாவடுவும் நாரத்தங்காயும் ஊறப் போடுவதற்குத் தூளுப்பு உதவாது என்பது அவர்கள் கொள்கை. இந்தப் பிரம்மபுத்திரா நதிக்கரையில் எந்தக் கடையில் கேட்டாலும் பொட்டலத்தில் அடைத்த தூளுப்பையே எடுத்து நீட்டுகின்றனர். அயோடின் சேராத வெறும் கல்லுப்பை உணவுக்கென்று விற்பது சட்டப்படி குற்றம் என்பதைக் கடைக்காரர் அறிவர். வாங்குவோருள் அறிந்தவர் சிலரே. கடலிலிருந்து எடுத்த உப்பை எடுத்தபடியே விற்பது குற்றமானது எவ்வாறு? அக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

யான் பிறந்தது ஆறுமுகநேரிப் பக்கம். என் தந்தையார் பத்து ஏக்கருக்கும் குறைந்த ஒரு சிற்றளத்தில் கூலியாக இருந்தவர். தை மாதத்தில் பாத்திகளை மிதித்துச் செப்பனிடுவர்; நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் முற்றவிடுவர்; பங்குனி சித்திரையில் அடியில் உப்புப் பூக்கும்; அதைப் பலகையால் வாரிக் கரையில் குவிப்பர்; பெண்டிர் கூடையில் சுமந்து மேட்டில் அம்பாரம் போடுவர். ஐப்பசி மழை இறங்கியதும் தொழில் நின்றுவிடும். வெள்ளை உப்பின்மீது பட்டுத் திரும்பும் வெயிலால் கண் மங்காத தொழிலாளி எங்கள் ஊரில் அரியர். உமணர் வண்டி கட்டி உப்பு விற்ற சங்க காலந்தொட்டு இத்தொழிலின் அடிப்படை பெரிதும் மாறிவிடவில்லை. மாறியவை உப்பின்மீது அரசர்கள் இட்ட கட்டளைகளே.

ஆங்கிலேயர் காலத்துக் கட்டளைகளை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எனினும் ஒன்றிரண்டை நினைவூட்டுதல் தகும். சிற்றரசுகளின் மலிவான உப்பு பிரிட்டிஷ் பகுதிக்குள் நுழையாமல் தடுப்பதற்காகச் சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதிப் பக்கம்வரை ஏறக்குறைய 2,300 மைல் நீளத்திற்கு ஒரு சுங்க எல்லையை வகுத்தனர். அதன் பெரும்பகுதியில் முள்வேலி வளர்த்து, 12,000 பேர் அளவில் காவலுக்கு நிறுத்தினர். உப்புக்காக ஒரு நாட்டின் நடுவே வேலி கட்டிய அரசு உலகில் வேறு உண்டோ, அறியேன். 1879இல் அவ்வேலி கைவிடப்பட்டது, வரி கைவிடப்படவில்லை. 1923இல் மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை, சட்டசபை மறுத்த பின்னும், வைசிராய் தம் தனியதிகாரத்தால் இரண்டரை ரூபாய் ஆக்கினார். எதிர்ப்பு மிகவே அடுத்த ஆண்டு பழைய அளவுக்கு இறங்கியது.

1930 ஏப்ரல் 6இல் தண்டியில் காந்தியடிகள் உப்பெடுத்தார். அதே ஏப்ரலில் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டருடன் புறப்பட்ட இராஜாஜி, 30ஆம் நாள் வேதாரணியத்தில் உப்பெடுத்துச் சிறை சென்றார். அந்நடைப்பயணத்தார்க்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் ஆணையிட்டிருந்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களை வழியோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு, "நாங்கள் எவருக்கும் சோறு அளிக்கவில்லை" என்று கையை விரித்தனராம். அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த காந்தி–இர்வின் உடன்படிக்கையில் கிடைத்த சலுகை சிறிது: உப்பு விளையும் ஊர்களில் உள்ளவர் தம் வீட்டுக்கும், தம் ஊருக்குள் விற்கவும் உப்பெடுக்கலாம், வெளியாருக்கு விற்கலாகாது. சிறிதாயினும், உப்பு எடுத்தவனுக்கே அதில் உரிமை உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை.

1947 ஏப்ரல் 1 முதல் உப்பு வரி ஒழிந்தது. 1948இல், பத்து ஏக்கர் வரையுள்ள அளங்களுக்கு உரிமம் வேண்டியதில்லை என்று புதிய அரசு அறிவித்தது. என் தந்தையாருக்குக் கூலி கொடுத்த சிற்றளம் அந்த அறிவிப்பின் நிழலில் தோன்றியதுதான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "காந்தி கொடுத்த அளம்" என்றே அதைச் சொல்வார்கள்.

இவ்வளவும் கடற்கரையின் வரலாறு. பணியின் பொருட்டு இந்த அஸ்ஸாமுக்கு வந்த பிறகே உப்புக்கு வேறொரு வரலாறு இருப்பதை அறிந்தேன்.

இவ்விடம் கடலுக்கு வெகு தொலைவு. அகோம் அரசர் காலத்தில் நாகர் மலையடிவாரத்து உப்பு ஊற்றுகளில் நீரைக் காய்ச்சி எடுத்த சிறிதளவு உப்புப் போக, எஞ்சியது வங்காளத்திலிருந்து படகில் வந்தது. கோவால்பாரா அவ்வணிகத்தின் பெருந்துறையாக விளங்கிற்று. உப்பு அரிதாகவே அதன் மதிப்பும் பெரிதாயிருந்தது. மணிப்பூரில் நிங்கேல் என்னும் ஊரில் இன்றும் மகளிர் கிணற்று உப்புநீரைக் காய்ச்சி வட்டமான உப்பு வில்லைகளாகத் தட்டுகின்றனர்; அவை சடங்குகளுக்கு உரியவை. இன்று நமக்கு உப்புத் தருவது குஜராத். நாட்டின் மொத்த உப்பில் முக்கால் பங்குக்கு மேல் அங்கேயே விளைகிறது. நம் தூத்துக்குடி இரண்டாம் இடத்தில் நிற்கிறது. கட்சுப் பகுதியிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் வண்டித்தொடர் ஒன்றில் 2,500 டன் உப்பு வந்திறங்கும். ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிராம் என்று கணக்கிட்டால், அது ஏறக்குறைய ஏழு லட்சம் பேருக்கு ஓராண்டுக்குப் போதும். (உப்பு ஏற்றிய வேகனின் தரை துருப்பிடிப்பது பற்றி எங்கள் துறையினர் சொல்லும் வசைமொழிகளை மலரில் அச்சிடுதல் முறையன்று.)

இங்கு வந்த புதிதில், ரயில்வே குடியிருப்புக்குப் பால் கொண்டுவரும் மூதாட்டி ஒருவரைக் கண்டேன். அவர் கழுத்தின் முன்புறத்தில் ஒரு சிறு தேங்காயளவு கழலை தொங்கிற்று. யான் திகைத்து நோக்குவதைக் கண்டு அவரே சிரித்தார். தம் தாய்க்கும் தமக்கைக்கும் அவ்வாறே இருந்ததாகச் சொன்னார். எங்கள் கடற்கரையில் அத்தகைய கழுத்தை யான் கண்டதில்லை.

அக்கழலையின் காரணம் மண்ணில் உள்ளது. உடம்பின் வளர்ச்சியை நடத்தும் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் என்னும் பொருள் வேண்டும். மனிதனுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்ந்தாலும் நான்கு கிராமுக்கு உட்பட்டது. பனியாறுகளும் பெருமழையும் வெள்ளமும் மலையடிவாரத்து மண்ணிலிருந்து இப்பொருளை அரித்துக்கொண்டு போய்விடுகின்றன. அம்மண்ணில் விளையும் நெல்லிலும் கீரையிலும் அது இராது. கிடைக்காத அயோடினைத் தேடித் தேடிச் சுரப்பி பருக்கிறது. காஷ்மீரம் முதல் நாகர் மலைகள்வரை ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீளத்திற்கு இக்கழலை மண்டலம் பரவிக் கிடந்தது. கழலை கண்ணுக்குத் தெரியும் தீங்கு. அதனினும் கொடியது தெரியாத தீங்கு. அயோடின் குறைந்த தாயின் வயிற்றில் வளரும் மகவு செவியும் பேச்சும் இன்றி, அறிவு வளர்ச்சி குன்றிப் பிறத்தல் உண்டு.

இந்நோயை ஆராய்ந்தவருள் இருவர்க்கு நம் குன்னூரோடு தொடர்பு உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. மக்காரிசன் என்னும் அயர்லாந்து மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித்தில் கழலையை ஆராய்ந்தார். அசுத்த நீரே காரணம் என்று கருதினார். அக்கருத்து முழுவதும் நிற்கவில்லை. குன்னூரில் உணவாராய்ச்சிக் கூடத்தை வளர்த்தவர் அவரே. அதே கூடத்தில் பின்னாளில் பணியாற்றியவர் ஆந்திர நாட்டில் பிறந்த டாக்டர் இராமலிங்கசுவாமி. அவரும் அவர் தோழரும் 1956இல் காங்க்டாப் பள்ளத்தாக்கில் ஒரு பெருஞ்சோதனை தொடங்கினர். ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த அப்பகுதியை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பும், மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பும், எஞ்சியதற்குச் சாதாரண உப்பும் அனுப்பினர். 1962இல் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைச் சோதித்தபோது, மருந்துப்பு உண்ட இரு வட்டாரங்களிலும் கழலை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. மற்ற வட்டாரத்தில் குறையவில்லை. அதன்பின் அவ்வட்டாரத்திற்கும் மருந்துப்பே அனுப்பப்பட்டு, அங்கும் நோய் இறங்கிற்று.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். காங்க்டாவில் எந்தக் கடைக்காரரும் சிறைக்கு அஞ்சவில்லை. நல்லுப்பு கடைக்கு வந்தது; மக்கள் வாங்கினர்; நோய் குறைந்தது.

1962இலேயே நாட்டளவில் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. திட்டம் நன்று, நடந்த வேகமோ நத்தை வேகம். மருந்துப்புச் செய்யும் உரிமை இருபதாண்டுகள் அரசுத் துறை ஆலைகளுக்கே இருந்தது. 1983இல்தான் தனியாருக்குத் திறந்துவிட்டனர். அதற்குள் மலைப்பகுதிக்கு வேண்டிய அளவில் ஒரு பங்கே சென்று சேர்ந்தது. சென்றதிலும், சணல் மூட்டைகளில் மழைநீர் இறங்கி, நீரோடு அயோடினும் ஒழுகிப் போயிற்று. இவையன்றி, விலை குறைந்த வெறும் உப்பும் தாராளமாக அப்பகுதிகளுக்குள் வந்துகொண்டே இருந்தது. மருத்துவர் சினங்கொண்டதற்குக் காரணம் இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1984இல் நாடு முழுவதும் உண்ணும் உப்பு அனைத்தையும் அயோடின் உப்பாக்குவது என்று முடிவாயிற்று. அயோடின் உப்புக்கு ரயிலில் பாதுகாப்புப் படைச் சரக்குக்கு அடுத்த முன்னுரிமை வகுக்கப்பட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வெறும் உப்பின் விற்பனையைத் தடுத்தன. இறுதியில் நடுவண் அரசு 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் விதி இயற்றி, 1998 மே 27 முதல் நாடெங்கும் உணவுக்காக வெறும் உப்பு விற்பதைத் தடை செய்தது.

எவ்வளவு மருந்து கலத்தல் வேண்டும்? ஆலையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின். கடையில் வாங்கும்போது 15க்குக் குறையலாகாது. அயோடேட்டாகக் கணக்கிட்டால் ஒரு டன் உப்புக்கு ஏறக்குறைய 50 கிராம். என் கொட்டகைக்கு வரும் 2,500 டன் வண்டித்தொடர் முழுவதுக்கும் 125 கிலோவே போதும். அதாவது இரண்டரை மூட்டை. மருந்தின் செலவு அற்பம். செலவெல்லாம் அதைச் சீராகக் கலக்கும் இயந்திரத்திலும், அடைக்கும் பையிலும், சோதிக்கும் கூடத்திலும், முத்திரையிலும் இருந்தது. ஆயிரம் ஏக்கர் அளமுடையவனுக்கு அது சிறு செலவு. பத்து ஏக்கர்க்காரனுக்கு அவன் ஓராண்டு விளைச்சல்.

தடை வந்த ஆண்டில் எங்கள் அளத்து உரிமையாளர் அம்பாரத்தின்மேல் பனையோலை வேய்ந்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்ததை யான் கண்ணால் கண்டேன். வழக்கமாக வாங்கும் வியாபாரிகள், "தொழிற்சாலை உப்பு என்று எழுதித் தாருங்கள், அந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்றனர். அந்த விலை பழைய விலையில் பாதி. அவர் எழுதிக் கொடுத்தார். அவ்வுப்பு எந்தத் தொழிற்சாலைக்குச் சென்றது, எந்தக் கிராமத்து உலைக்குச் சென்றது என்பதை யார் அறிவார்? இரண்டாண்டில் அவர் அளத்தைப் பெரிய கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். என் தந்தையார் கூலிக்கு வேறிடம் தேடினார். யான் ரயில்வே தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினேன்.

வாங்குவோர் நிலையும் அதுவே. சாக்கில் அளந்து விற்ற கல்லுப்பின் விலையைப் போல் மும்மடங்குக்குக் குறையாத விலையில் பொட்டலம் வந்தது. அரைக்காசுக்கு உப்பு வாங்கும் ஏழைக்கு ஒரு கிலோப் பொட்டலம் என்பது ஒரு நாளைய காய்கறிச் செலவு. காந்தியடிகளின் வழிவந்த சருவோதயத்தாரும், சுதேசி இயக்கத்தாரும், சிற்றளத்தாரும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். 2000 செப்டம்பரில் நடுவண் அரசு தன் தடையை நீக்கிற்று. நலம் தருவதை மக்களே தேர்ந்து கொள்ளட்டும், கட்டாயம் வேண்டாம் என்பது அப்போது கூறப்பட்ட நியாயம். மாநிலங்கள் பல தம் தடையை நீக்கவில்லை.

மருத்துவர் உடனே கண்டித்தனர். அவர் பக்கத்துச் சான்று இது: 1998–99இல் எடுத்த குடும்ப நலக் கணக்கின்படி போதிய அயோடின் உள்ள உப்பை உண்ட வீடுகள் நூற்றுக்கு 49; 2005–06இல் அது 51. ஏழாண்டுகளில் இரண்டே படி. நம் தமிழகமோ அக்கணக்கில் மிகப் பின்தங்கி நின்றது. கடல் அருகில் இருக்கக் கழலை ஏன் வரும் என்ற எண்ணமும், கல்லுப்பின்மேல் உள்ள பற்றுமே காரணம். கடலில் அயோடின் உண்டு; மீனிலும் உண்டு; ஆயின் வெயிலில் விளைந்த உப்பில் அது பெயரளவுக்கே தங்குகிறது. கடல் உப்பு ஆதலின் குறையிராது என்று யானும் நெடுநாள் நம்பியிருந்தேன். 2005 நவம்பரில் அரசு மீண்டும் விதியை இயற்றி, 2006 மே 17 முதல் தடையைத் திரும்பக் கொணர்ந்தது.

அந்தச் சட்டத்தின் கைக்குள் அகப்பட்ட ஒருவரை நம்மில் பலர் அறிவர்; பெயர் சொல்லேன். நிலையத்து அங்காடியில் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர், நமக்கெல்லாம் அண்ணாச்சி. புளியும் கருப்பட்டியும் அப்பளமும் போல, நம்மவருக்காகவே ஊரிலிருந்து ஒரு மூட்டைக் கல்லுப்பும் தருவித்து வைப்பார். ஒரு நாள் ஆய்வாளர் ஒருவர் வந்து, அம்மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து, மூன்று பங்காக முத்திரையிட்டு, சட்டப்படி அதற்கு உரிய விலையையும் கொடுத்துச் சென்றார். அயோடின் இல்லை என்று அறிக்கை வந்தது. இல்லாததை இல்லை என்று அறிவதற்கு ஆய்வுக்கூடம் எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். குற்றம் நிலைத்தால் குறைந்தது ஆறு மாதச் சிறை என்பது பழைய சட்டத்தின் பொது விதி. பாலில் நீர் கலந்தவனுக்கும், மிளகில் பப்பாளி விதை கலந்தவனுக்கும் அதே விதி. அண்ணாச்சி எதையும் கலக்கவில்லை. கலக்காததே அவர் குற்றம். நான்கு ஆண்டுகள் தவணை தவணையாக நீதிமன்றம் சென்றார். ஒரு முறை யானும் உடன் சென்றிருந்தேன். எங்களுக்கு முன்னால் அழைக்கப்பட்டது போலி நெய் வழக்கு. "இவன் வரிசையில் என்னையும் நிறுத்திட்டாங்களே, தம்பி" என்று அவர் என் காதில் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. முடிவில் மாதிரி எடுத்த முறையில் பிழை கண்டு அவரை விடுவித்தனர். அதற்குள் அவர் கடையின் பெரும்பகுதியைத் தம் மைத்துனருக்கு விட்டுவிட்டார்.

இதே கேள்வியை உச்ச நீதிமன்றமும் கேட்டது. தடைவிதியை எதிர்த்து ஓர் உணவு நலக் கழகம் தொடுத்த வழக்கில் 2011 ஜூலை 4இல் தீர்ப்பு வெளியாயிற்று. அயோடின் உப்பினால் விளையும் நன்மையைத் தீர்ப்பு மறுக்கவில்லை. அது சொன்னது இதுவே: கலப்படத் தடைச் சட்டம் உடலுக்குத் தீங்கு தரும் உணவைத் தடுப்பதற்காக ஏற்பட்டது, வெறும் உப்பு தீங்கு தரும் பொருள் அன்று, ஆகவே அச்சட்டத்தின்கீழ் அதன் விற்பனையைத் தடுக்கும் விதி செல்லாது. ஆயினும் மக்கள் நலம் கருதி, அரசு ஆராய்ந்து வேறு வழி காண்பதற்காக ஆறு மாத காலம் அவ்விதி தொடரலாம் என்று நீதிமன்றம் இடம் தந்தது.

வேறு வழி ஒரு மாதத்திலேயே வந்துவிட்டது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குமுறைகள் 2011 ஆகஸ்டு 5இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் அதே கட்டுப்பாடு அமர்ந்திருந்தது: அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்கு விற்கலாகாது. கால்நடைக்கும், தொழிலுக்கும், மருந்துக்கும், பொருள்களைப் பதப்படுத்துவதற்கும் விற்கலாம். மாவடு ஊறப் போடுதல் பதப்படுத்துதல் ஆகுமா ஆகாதா என்று நம் சங்கத்து வழக்கறிஞரை வினவினேன். ஊறிய பின் அவ்வடுவை உண்போம் அல்லவா, ஆகவே இரு பக்கமும் வாதாடலாம் என்றார். வழக்கறிஞர் விடை அப்படித்தான் இருக்கும்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பால்கார மூதாட்டியின் கழுத்தைக் கண்டவன் அயோடினை எதிர்க்கமாட்டான். யானும் எதிர்க்கவில்லை. 2018–19இல் எடுத்த நாட்டுக் கணக்கில் போதிய அயோடின் உப்பு உண்ணும் வீடுகள் நூற்றுக்கு 76 ஆக உயர்ந்தன. இது சிறிய வெற்றி அன்று. (அதிலும் கடைசி இடம் நம் தமிழகத்துக்கே, நூற்றுக்கு 62.) அமெரிக்காவில் 1924 முதல் அயோடின் உப்பு விற்கிறார்கள், வெறும் உப்பும் அதே பலகையில் நிற்கிறது, இவ்வுப்பில் அயோடின் இல்லை என்பதை அதன் பொட்டலமே அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அங்குள்ள எழுத்தறிவும் விலைநிலையும் நமக்கு 1998இல் இருந்தன என்று வாதிட யான் முன்வரவில்லை. எனினும், இரண்டரை மூட்டை அயோடேட்டையும், அதைத் தெளிக்கும் இயந்திரம் ஒன்றையும் பத்துச் சிற்றளங்களுக்குப் பொதுவாக முதலில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு விதியைக் கொணர்ந்திருக்கலாகாதா? கல்லுப்பிலும் அயோடேட் நீரைத் தெளித்து விற்க இயலும் என்பது அன்றும் தெரிந்த செய்தியே. இன்று தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அத்தகைய அயோடின் கல்லுப்புப் பொட்டலங்கள் வருகின்றன. எங்கள் அளத்து உரிமையாளருக்கு அப்பொட்டலம் பத்தாண்டு பிந்தி வந்தது.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் என் மகள் பள்ளியில் ஒரு சோதனை நடந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு உப்பில் ஒரு கரண்டி காகிதத்தில் மடித்துக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தனர். சுகாதாரப் பணியாளர் அதன்மேல் இரண்டு துளி மருந்து விடுவார். அயோடின் இருந்தால் நீலநிறம் தோன்றும். மாலையில் பிள்ளை முகம் வாடி வந்தாள். "அப்பா, அஸ்ஸாமியப் பிள்ளைகள், வங்காளப் பிள்ளைகள், நேபாளிப் பிள்ளைகள் எல்லாருடைய உப்பும் நீலம் ஆயிற்று. நம் வீட்டு உப்பு மட்டும் வெள்ளையாகவே இருந்தது" என்றாள். அது சென்ற சித்திரையில் என் அன்னையார் ஆறுமுகநேரியிலிருந்து துணிப்பையில் கட்டிக் கொடுத்த உப்பு. இப்போது எங்கள் அடுப்படியில் இரண்டு சாடிகள் இருக்கின்றன. அடுப்புக்கு அருகில் உள்ளது கடைப் பொட்டலத்தது. அன்னையார் தந்தது மேல் தட்டில், நாரத்தங்காய்க்காகக் காத்திருக்கிறது.